தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்

இந்தக் கல்வியாண்டில் இது எனக்கு நான்காவது பயிற்சி. முதலாவதில் நேர மேலாண்மை சொல்லிக்கொடுத்தார்கள். விடிந்ததும் வரச் சொல்லிவிட்டு, மைக் வேலை செய்யாமல், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால்தான் ஆரம்பித்தார்கள். இரண்டாவதில் மன அழுத்தம் குறைய மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். இழுத்த மூச்சை நான் விடுவதற்குள் பள்ளியிலிருந்து போன், கழிவறைத் தொட்டி நிரம்பி மைதானத்தில் ஓடுகிறது என்று. மூன்றாவது, பொறுப்பைப் பகிர்ந்தளித்தல். அதை முடித்து வந்து பகிர்ந்தளிக்கப் பார்த்தேன். என் பொறுப்புகளில் எதையும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. மாணவர் விவரங்களை ஏற்றும் எமிஸ் இணையதளத்தின் பாஸ்வேர்டை மட்டும் உதவித் தலைமையாசிரியர் நடேசன் சார் வாங்கிக்கொண்டார். அதிலும் உள்ளே நுழைய வேண்டுமென்றால் ஓடிபி என் போனுக்குத்தான் வரும்.

நான்காவது இது. தலைப்பு, 'பெற்றோரை வெல்லும் தலைமை'. உத்தரவு முந்தைய இரவு வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் துறையில் எல்லாமே தூங்கப் போகும் நேரத்தில்தான் வரும். பூந்தமல்லியில் ஒரு தனியார் கல்லூரி, மூன்று நாள், தவறாமல் வர வேண்டும், தவறினால் விளக்கம் கேட்கப்படும். குழுவில் இருந்த தலைமையாசிரியர்கள் எல்லாரும் வரிசையாகக் கும்பிடு பொம்மை போட்டார்கள். நானும் போட்டேன். போடாமல் என்ன செய்வது? போட்ட பிறகுதான் மறுநாள் புதன்கிழமை என்பது உறைத்தது.

புதன்கிழமையில் என்ன என்றால், சொல்கிறேன்.

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி பருத்திப்பட்டு ஏரியை ஒட்டி இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தாட்சாயிணி என்று ஒரு பெண். கணக்கில் கெட்டி, வாயிலும் கெட்டி. அம்மா இல்லை. அப்பா நாகேந்திரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. போன வாரம் அவர் வந்து, பெண்ணைத் திருத்தணிப் பக்கம் தங்கை வீட்டுக்கு அனுப்பப் போகிறேன், டிசி வேண்டும் என்றார். அங்கே எந்தப் பள்ளியில் சேர்ப்பீர்கள் என்று கேட்டால், "அத்த அப்பாலிகா பாத்துக்கலாம் மேடம்" என்றார். அப்பாலிகா என்றால் சேர்க்கப் போவதில்லை என்று அர்த்தம். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் இந்த வாரத்தோடு முடிகிறது. இங்கே பெயர் நீங்கி, அங்கே எங்கும் ஏறாவிட்டால், அந்தப் பெண் பரீட்சை எழுத முடியாது. ஒரு வருடம்தானே, அடுத்த வருடம் எழுதட்டுமே என்பவர்கள் எங்கள் பள்ளிக்கு ஒரு நடை வந்து பார்க்க வேண்டும். நடுவில் நின்ற பெண் ஒருத்தியும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

கல்வியின் அருமையைப் பற்றி அவரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன். மனிதர் அசையவில்லை. கடைசியில், "சரி, புதன்கிழமை வாங்க, பாக்கலாம்" என்றேன். ஓர் அரசு அலுவலகத்தில் இப்படிச் சொன்னால் என்ன பொருள் என்று யாருக்குத் தெரியாது? புதன் வந்தால் வெள்ளி, வெள்ளி வந்தால் அடுத்த வாரம். அதற்குள் பட்டியல் போய்விடும், பெண் இங்கேயே பரீட்சை எழுதிவிடுவாள். சட்டத்தில் எனக்கு வேறு வழி இல்லை. அப்பன் கேட்டால் டிசி கொடுத்தாக வேண்டும். இழுத்தடிக்கத்தான் முடியும்.

அறை வாசலில் தாட்சாயிணி நின்றிருந்தாள். அப்பா போனதும் உள்ளே வந்தாள்.

"மிஸ், குடுத்துடுவீங்களா?"

"தர மாட்டேன். நீ போய்ப் படி."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவ்வளவுதான். அதன் பிறகு அவள் பரீட்சைக்கு இருக்கிறாள் என்றே நான் வைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பூந்தமல்லிக்குப் பேருந்தில் போகும்போதே நடேசன் சாருக்கு போன் செய்து, முட்டை வண்டி, ஒன்பதாம் வகுப்புப் பூட்டு, உடைந்த குழாய் என்று எல்லாம் சொன்னேன். நாகேந்திரன் வந்தால் வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. தலைமையாசிரியர் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அதுதானே நாட்டு வழக்கம்?

கல்லூரி ஏசி ஹாலில் பற்கள் தந்தியடித்தன. பயிற்சியாளர் ஒரு தொண்டு நிறுவனத்துப் பையன். கழுத்தில் நாடா தொங்கியது. வாய் நிறையச் சிரிப்பு. "சார்னு வேணாம், பிரசன்னான்னே கூப்பிடுங்க" என்றான். அவன் வயதுக்கு அவனை சார் என்று கூப்பிடும் எண்ணம் எங்களில் யாருக்கும் இருக்கவில்லை. எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்து, பெயருக்கு முன்னால் ஒரு நல்ல சொல்லைச் சேர்த்துச் சொல்லி ஒரு தட்டாமாலை சுற்றச் சொன்னான். நான் 'ஹாப்பி ஹெலினா' ஆனேன். எனக்குப் பக்கத்தில் அம்பத்தூர்ப் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் இராமகிருஷ்ணன் சார். மே மாதம் ஓய்வு பெறுகிறார். முழங்கால் வலி. அவர் 'ராக்கிங் ராமகிருஷ்ணன்' ஆகி, பாதி சுற்றில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

வருகைப் பதிவுக்கு ஒரு நாளைக்கு நான்கு முறை நம் முகத்தை நாமே படம் எடுத்து ஏற்ற வேண்டும். எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதும் சேர்ந்து பதிவாகும். ஒரு படம் விட்டுப்போனாலும் அன்றைக்கு வரவில்லை என்று பொருள். பெற்றோரை நம்பச் சொல்லித் தருகிற பயிற்சியில் எங்களை இவ்வளவு நம்பினார்கள்.

பிறகு சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, கலர் கலராக ஒட்டுச் சீட்டு. 'என் பெற்றோர் என் பங்காளிகள்' என்று ஒரு குழு எழுதியது. பங்காளி என்றால் நம் ஊரில் கோர்ட்டுக்குப் போகிறவன் என்பதுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை. கைதட்டினான்.

தேநீருக்குப் பிறகு நடிப்பு. பெண்ணைப் படிப்பிலிருந்து நிறுத்த வரும் அப்பாவாக இராமகிருஷ்ணன் சார், அவரை மனம் மாற்றும் தலைமையாசிரியராக நான். அவர் தோளில் துண்டு போட்டுக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார். நான் எழுந்தபோது போன் அதிர்ந்தது. நடேசன் சார்.

"மேடம், ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

ஒரு நாளைக்கு இப்படி எத்தனை முறை கேட்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. பஸ் பாஸுக்கு ஓடிபி, உதவித்தொகைக்கு ஓடிபி, காலணி அளவு ஏற்ற ஓடிபி. எதற்கு என்று கேட்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். எண்களைக் கிசுகிசுப்பாகச் சொல்லிவிட்டு மேடை ஏறினேன்.

இராமகிருஷ்ணன் சார் பிரமாதமாக நடித்தார். "பொட்டப் புள்ள படிச்சு இன்னா கிழிக்கப் போவுது மேடம்? டிசிய குடு, நான் போயிகினே இருக்கேன்" என்று மேசையைத் தட்டினார். எனக்கு உள்ளே தாட்சாயிணியின் முகம் வந்தது. உண்மையாகவே பேச ஆரம்பித்துவிட்டேன். உங்க பொண்ணு கணக்குல நூறு வாங்குவாய்யா, அவ கையில பேனா இருக்கிற வரைக்கும்தான் அவ வாழ்க்கை அவ கையில இருக்கும், இன்னிக்கு நீங்க நிறுத்தினா நாளைக்கு அவ உங்களைக் கேப்பா என்றெல்லாம் சொன்னேன். இராமகிருஷ்ணன் சார் துண்டால் கண்ணைத் துடைத்து, "மன்னிச்சுக்க தாயி, நான் படிக்க வெக்கிறேன்" என்றார். அவரால் நிற்க முடியவில்லை, சீக்கிரம் உட்கார வேண்டும்.

ஹால் எழுந்து நின்று கைதட்டியது. "இதுதான் மேடம் எம்பதி! வீடியோ எடுத்திருக்கோம், மாநில குரூப்ல போடலாமா?" என்று பிரசன்னா ஓடி வந்தான். பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையோடு வெளியே வந்து நடேசன் சாருக்கு போன் போட்டேன், உடைந்த குழாய் என்ன ஆயிற்று என்று கேட்க. கேட்டு முடித்துவிட்டு, சும்மா வாய்க்கு வந்து, "ஓடிபி எதுக்கு சார்?" என்றேன்.

"டிசிக்கு மேடம். அந்த நாகேந்திரன் வந்திருந்தாரு. டென்த் தாட்சாயிணி."

"குடுத்துட்டீங்களா?"

"நீங்கதான் புதன்கிழமை வரச் சொன்னீங்களாமே?"

"வரச் சொன்னா? வரச் சொன்னா குடுத்துடுறதா? வரச் சொல்றதே குடுக்காம இருக்கத்தான்னு உங்களுக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் சார் சர்வீஸ்?"

"என் மேல பாயறீங்களே மேடம். நான் இல்லாதப்போ ஒரு வேலையும் நிக்கக் கூடாதுன்னு போன ட்ரெயினிங் முடிச்சு வந்து நீங்கதான் ஸ்டாஃப் மீட்டிங்ல சொன்னீங்க. பொறுப்புன்னு போட்டு நானே கையெழுத்தும் போட்டுக் குடுத்தேன்."

வாழ்க்கையில் முதல் முறையாக நடேசன் சார் ஒரு வேலையைச் சொன்ன நாளில் முடித்திருக்கிறார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. ஓடிபி சொன்ன வாய் என்னுடையது. வீட்டுப் பக்கம் யாரையாவது அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். சற்று நேரத்தில் அவரே கூப்பிட்டார். வீடு பூட்டியிருக்கிறது, அப்பாவும் பெண்ணும் பையோடு ஆவடி ஸ்டேஷனுக்குப் போனதாக எதிர்வீட்டில் சொன்னார்கள் என்றார்.

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பிரசன்னா வாசலில் மறித்தான்.

"மேடம், இன்னும் ரெண்டு போட்டோ இருக்கு. ஃபீட்பேக் ஃபார்ம் வேற இருக்கு."

"தம்பி, நான் மேடையில காப்பாத்தின பொண்ணு இப்ப ரயில் ஏறப் போவுது. வழிய விடு."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. இது நடிப்பின் தொடர்ச்சியா என்ற யோசனைகூட வந்திருக்கலாம், முகம் அப்படித்தான் இருந்தது. இராமகிருஷ்ணன் சார் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "போம்மா, நான் சொல்லிக்கிறேன்" என்று கையசைத்தார்.

வெளியே ஆட்டோ கிடைத்தது. ஆவடி ஸ்டேஷன், அவசரம் என்றேன். "அல்லாருக்கும் அவசரந்தான் மேடம். குந்துங்க" என்றார் ஓட்டுநர். வழி நெடுக லாரி. பருத்திப்பட்டில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மண் மேட்டுக்குப் பின்னால் ஆட்டோ நின்றபோது என் பள்ளிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. இறங்கி யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. யாரை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.

ஸ்டேஷனில் அரக்கோணம் மார்க்கப் பிளாட்பாரத்தில் இருவரும் இருந்தார்கள். தாட்சாயிணி பள்ளிச் சீருடையிலேயே இருந்தாள். வகுப்பிலிருந்து அப்படியே கூட்டி வந்திருக்கிறார். மடியில் புத்தகப் பை, காலடியில் துணி மூட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு என்ன நினைத்தாளோ, உட்கார்ந்துகொண்டாள்.

மூச்சு வாங்கியபடியே நாகேந்திரனிடம் பேச ஆரம்பித்தேன். உங்க பொண்ணு கணக்குல நூறு வாங்குவாய்யா என்றேன். கையில் பேனா இருக்கிற வரைக்கும் என்றேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் ஹாலையே எழுப்பி நிற்க வைத்த அதே சொற்கள். அவர் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைக்கவில்லை.

"இன்னா மேடம் நீங்க?" என்றார். "புதன்கெயம வான்னீங்க, வந்தேன். லீவு போட்டுகினு வந்தேன். டிசி குடுத்தீங்க. இப்ப ஸ்டேஷனாண்ட ஓடியாந்து குடுக்கக் கூடாதுன்றீங்க. படிச்சவங்களுக்கு ஒரு பேச்சு இல்லியா?"

பெண்ணிடம் திரும்பினேன்.

"தாட்சாயிணி, நான் குடுக்கலம்மா. நான் ட்ரெயினிங்ல இருந்தேன்."

"தெரியும் மிஸ்" என்றாள், என்னைப் பார்க்காமல். "நீங்க ட்ரெயினிங் போயிட்டீங்கன்னு க்ளாஸ்ல சொன்னதும் ஜாலியாயிட்டேன். நீங்க இல்லன்னா டிசி தர மாட்டாங்கன்னு நினைச்சேன். அப்புறம் நடேசன் சார் வந்து, பேக்கை எடுத்துக்கோன்னாரு."

எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. எல்லாம் சேர்ந்து நாகேந்திரன் மேல் இறங்கியது. "பரீட்சைக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு? முடிச்சுட்டுப் போனா உன் தங்கச்சி வீடு ஓடிப் போயிடுமா? இப்ப என்னய்யா அவ்வளவு அவசரம்?" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் மூட்டையை நகர்த்தி வைத்தார்.

"நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க மேடம். ஒரு வாரம் பகலு, ஒரு வாரம் நைட்டு. இம்மாம் நாளு பக்கத்து ஊட்டு அக்கா வந்து இதோட பட்துக்கும். அது ஊட்ட காலி பண்ணிகினு போயிட்ச்சு. ஒத்த ரூமு. கதவு கூட சரியா சாத்தாது. வயசுப் புள்ளய ராத்திரில தனியா வுட்டுட்டு நான் அங்க எப்டி மிஷினாண்ட நிக்கிறது, சொல்லுங்க."

"இதை அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க எங்க மேடம் கேட்டீங்க? படிப்பு படிப்புன்னு நீங்களே பேசிகினு இருந்தீங்க. அது படிக்கும்னு எனக்கு தெரியாதா?"

நான்கு பயிற்சிக்குப் போனவள் நான். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ரயில் வருவதாக அறிவித்தார்கள். யோசிக்க நேரமில்லை. என் கணவர் சத்தியராஜ் ஆவடியில் பாதுகாப்புத் துறை ஃபேக்டரியில் வேலை செய்கிறார். அங்கேயே குவார்ட்டர்ஸ். மகள் எவாஞ்சலின் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்குத் தனி அறை. போன் போட்டேன்.

"இங்க பாருங்க, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஒரு பொண்ணு நம்ம வீட்ல ராத்திரி தங்கும். எவாஞ்சலின் ரூம்ல. பரீட்சை முடியற வரைக்கும்."

"யாரு பொண்ணு? நீ ட்ரெயினிங்லதானே இருக்க?"

"அப்புறம் சொல்றேன்."

"சரி. கட்டிலுக்கு அடியில இருக்கிற ட்ரங்க் பெட்டிய எங்க வைக்கிறது?" என்றார். முப்பது வருடமாக அந்த மனிதரோடு குடித்தனம் நடத்துவது இதனால்தான்.

நாகேந்திரனிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். ரயில் வந்து நின்றது. ஏறுகிறவர்கள் ஏறினார்கள். "குவாட்டர்ஸ் எந்த எடம்?" என்று கேட்டார். சொன்னேன். "கேட்ல வுடுவாங்களா?" விடுவார்கள் என்றேன். "பரீட்ச வரிக்கும்தான்" என்றார். சரி என்றேன். "நான் டெய்லி வேல வுட்டு வந்து பாத்துட்டுப் போவேன்." வாங்க என்றேன். அதற்குள் ரயில் போய்விட்டது. அவர் அதைப் பார்த்தபடி நின்றார்.

டிசி கொடுத்த பிள்ளையின் பெயர் எங்கள் பள்ளியிலிருந்து நீங்கி எமிஸில் பொதுவான ஓர் இடத்துக்குப் போய்விடும். எந்தப் பள்ளியும் அங்கிருந்து சேர்த்துக்கொள்ளலாம், நாங்களும்தான். பெஞ்சில் உட்கார்ந்து போனிலேயே திறந்தேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பயிற்சிக் குழுவில் என் வீடியோ வந்து விழுந்துகொண்டிருந்தது, கீழே கைதட்டும் பொம்மைகள். அதற்குக் கீழே, அனுமதியின்றி வெளியேறிய தலைமையாசிரியர் முதல் நாளிலிருந்து மீண்டும் பயிற்சியில் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒரு செய்தி. இரண்டிலும் ஆள் நான்தான். ஒருவழியாகப் பக்கம் திறந்து தாட்சாயிணியை மறுபடியும் பத்தாம் வகுப்பில் சேர்த்தேன். அவளிடம் காட்டினேன். தன் பெயரை விரல் வைத்துப் படித்தாள், ஆனால் சிரிக்கவில்லை.

"அந்த டிசியக் குடுங்க, ஆபீஸ்ல கேன்சல் பண்ணிடறேன்" என்று நாகேந்திரனிடம் கை நீட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். என் கைக்கு வருவதற்குள் தாட்சாயிணி நடுவில் கையை விட்டு வாங்கிக்கொண்டாள்.

"மிஸ் கிட்ட வேணாம்பா. அவங்களுக்கு மறுபடியும் ட்ரெயினிங் வரும்."

சொல்லிவிட்டு அதை மடித்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்தாள். நான் நீட்டிய கையால் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டேன். மூன்று பேரும் மேம்பாலப் படி ஏறினோம்.